கட்டத்துக்குள் இருக்கும் ஆள்

திருப்பூர் ஏற்றுமதி கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் என்று ஒருவர் இருப்பார். வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவது அவர் வேலை. அவருடைய கம்ப்யூட்டரில் காலையிலிருந்து ராத்திரிவரை மூடாமல் கிடக்கும் எக்செல் தாளுக்கு ‘டி.என்.ஏ.’ என்று பெயர். டைம் அண்ட் ஆக்‌ஷன் பிளான். இடது ஓரத்தில் ஸ்டைல் நம்பர், கலர், எத்தனை பீஸ். அதற்கப்புறம் வரிசையாக நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். வலது ஓரத்தில் ஷிப்மென்ட். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கட்டங்கள்: முடிய வேண்டிய தேதி, முடிந்த தேதி. நேரத்துக்கு முடிந்தால் பச்சை, இழுத்தால் மஞ்சள், தவறினால் சிவப்பு. திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் அந்தத் தாள் சுவரில் விழும்போது எத்தனை சிவப்பு தெரிகிறதோ, முதலாளியின் குரல் அந்த அளவுக்கு ஏறும்.

இந்தத் தாளை முதல் கட்டத்திலிருந்து யாரும் நிரப்புவதில்லை. தூத்துக்குடியில் சரக்கு கப்பலேற வேண்டிய தேதியைக் கடைசிக் கட்டத்தில் போட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்து வருவார்கள். பேக்கிங்குக்கு இத்தனை நாள், தையலுக்கு இத்தனை நாள், சாயத்துக்கு இத்தனை நாள் என்று கழித்துக்கொண்டே வந்தால் நூல் வாங்க வேண்டிய தேதி கிடைக்கும். பெரும்பாலும் அது ஏற்கெனவே கடந்துபோன தேதியாக இருக்கும். அப்போது நடுவில் உள்ள கட்டங்களில் ஒன்றிரண்டு நாட்களைத் திருகிக் கணக்கைச் சரிக்கட்டுவார்கள்.

பிறகு வேலை ஆரம்பிக்கும். சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப் போட்டு பையர் ஆபீசுக்கு அனுப்புவார்கள். ஒரு கை அகலத் துணி. அந்த நீலம் சரிதானா என்று அங்கே ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தாளில் அதற்கு ஒரு வாரம். அவர் லீவில் போயிருப்பார். வந்து பார்த்துவிட்டு நீலத்தில் கொஞ்சம் சிவப்பு அடிக்கிறது, மாற்றிப் போட்டு அனுப்புங்கள் என்பார். இப்படி மூன்று வாரம் போய்விடும். கப்பல் தேதி மட்டும் அதே இடத்தில் இருக்கும். போன நாட்களை எங்கேயாவது வெட்டியாக வேண்டும். நூலும் சாயமும் முடிந்துபோன கதை என்பதால் மிச்சமிருக்கும் கட்டங்களில்தான் கத்தி விழும்: தையல், செக்கிங், அயர்ன். ஒன்றரை ஷிஃப்ட் இரண்டு ஷிஃப்ட் ஆகும். ஞாயிற்றுக்கிழமையும் பவர் டேபிள் ஓடும். அப்படியும் தவறினால் சரக்கை ஏரில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு ஏற்றுமதியாளர் தலையில். ஒரு ஏர் ஷிப்மென்ட் போதும், அந்த ஆர்டரின் லாபம் முழுக்கப் பறந்துவிடும்.

வியாபாரத்தில் திட்டமிடுதலின் எல்லை எது என்று கேட்டால் நிர்வாகவியல் படித்தவர்கள் எதிர்காலத்தைக் கைகாட்டுவார்கள். நாளை நடப்பதை யார் அறிவார் என்ற பழைய பல்லவிதான். நிச்சயமின்மை, இடர் என்று அதற்குப் புதிய பெயர்கள். எனக்கு இந்த விளக்கம் ரொம்ப நாளாகவே உறுத்தல். தீபாவளி எந்தத் தேதி என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே காலண்டர் போடுகிறவருக்குத் தெரியும். போனஸ் வாங்கிக்கொண்டு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் போகிறவர்கள் சொன்ன தேதியில் திரும்ப மாட்டார்கள் என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஊரில் ஒரு காதுகுத்து இருக்கும், ஒரு நிலத் தகராறு இருக்கும், சும்மா பத்து நாள் அம்மா கையால் சாப்பிட வேண்டும் என்றிருக்கும். இருந்தும் தாளில் பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் முழு ஆட்களோடு தையல் ஓடுவதாக எழுதியிருக்கும். எழுதியவருக்குத் தெரியாமல் அல்ல. உண்மைத் தேதியை எழுதினால் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும். ஆக, அந்தத் தாள் வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்வதற்காக எழுதப்பட்டதே இல்லை. ஆர்டர் பிடிப்பதற்காக எழுதப்பட்டது. ஆர்டர் கையில் வந்த அடுத்த நாளே அதே தாள் வேலை வாங்கும் கருவியாக மாறிவிடுகிறது. விற்பதற்குச் சொன்ன பொய்யை நிறைவேற்றும் பொறுப்பு, அந்தப் பொய்யைச் சொல்லாதவர்கள் மேல் விழுகிறது.

இருட்டில் இருக்கும் எதிர்காலத்தை விட்டுவிடுவோம். திட்டத்தின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் ஆள் இருக்கிறார். அவருக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. கம்பெனித் திட்டம் முட்டி நிற்பது பெரும்பாலும் அங்கேதான் என்பது என் எண்ணம். இதைத் திருப்பூரைவிடப் பெரிய அளவில் நாடே பார்த்த ஒரு கதை உண்டு.

2008 ஜனவரி 10 அன்று டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ரத்தன் டாடா நானோ என்ற சின்னக் காரை ஓட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். விலை ஒரு லட்சம் ரூபாய். மழையில் நனைந்துகொண்டு ஒரே ஸ்கூட்டரில் போன நாலு பேர் குடும்பத்தைப் பார்த்ததில் பிறந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். விலையை முதலில் எழுதிவிட்டுப் பின்னால் நடந்து காரைக் கண்டுபிடித்தார்கள், டி.என்.ஏ. தாளில் கப்பல் தேதியை முதலில் எழுதுவதைப் போல. பின்பக்கம் இரண்டு சிலிண்டர் எஞ்சின், ஒரே ஒரு வைப்பர், சக்கரத்துக்கு நாலுக்குப் பதில் மூன்று போல்ட். பொறியாளர்களின் சாமர்த்தியத்தில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அந்த விலைக்கு ஒரு காரை ஓடவைத்தது சாதாரண வேலை அல்ல.

அந்தத் திட்டத்தில் ஒரு கட்டம் நிலம். மேற்கு வங்கம் சிங்கூரில் 997 ஏக்கரை 2006இல் மாநில அரசு கையகப்படுத்திக் கொடுத்தது. ஹூக்ளி மாவட்டத்தின் வண்டல் மண். உருளைக்கிழங்கும் நெல்லும் விளையும் பூமி. பணம் வாங்கிக்கொண்டவர்கள் பலர், வாங்க மறுத்தவர்கள் பலர். மறுத்தவர்களுக்கு அந்த நிலத்தில் அடுத்த போகம் என்ன என்ற திட்டம் இருந்தது. அப்போது எதிர்க்கட்சியில் இருந்த மம்தா பானர்ஜிக்கு ஆட்சியைப் பிடிக்கும் திட்டம் இருந்தது. உண்ணாவிரதம், மறியல், தேசிய நெடுஞ்சாலையில் பந்தல். ஃபேக்டரி பெருமளவு எழுந்து நின்ற நிலையில் 2008 அக்டோபர் 3 அன்று டாடா சிங்கூரை விட்டு வெளியேறுவதாக அறிவித்தார். சில நாட்களில் குஜராத்தின் சாணந்தில் இடம் கிடைத்தது. புது ஃபேக்டரி 2010 ஜூனில் திறந்தது. வருஷத்துக்கு இரண்டரை லட்சம் கார் செய்யும் வசதி.

இதுவரை நடந்ததை அரசியல் என்று ஒதுக்கிவிடலாம். பல நிர்வாக நிபுணர்கள் ஒதுக்கியும்விட்டார்கள். இன்னொரு கட்டத்தில் இருந்த ஆளைப் பற்றி அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அவர்தான் வாங்குகிறவர். 2009 ஏப்ரலில் புக்கிங் திறந்தபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். முதல் ஒரு லட்சம் பேரைக் குலுக்கலில் எடுத்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்த யாருக்கும் திட்டம் பலித்துவிட்டது என்றுதான் தோன்றும். மறு வருஷம் நவம்பரில், நாடு முழுக்க, அந்த ஒரு மாதத்தில் விற்ற நானோ 509. சில கார்கள் தீப்பிடித்த செய்தி நடுவில் வந்திருந்தது, கடன் கிடைப்பதில் சிக்கல் இருந்தது, எல்லாம் உண்மை. அதற்கப்புறமும் நிலைமை முழுசாக எழவில்லை. மிக அதிகமாக விற்ற 2011-12 நிதியாண்டிலும் 75,000ஐ எட்டவில்லை. 2018 ஜூனில் சாணந்திலிருந்து வெளிவந்த நானோ ஒன்றே ஒன்று.

ஸ்கூட்டரில் போன அந்த நாலு பேர் குடும்பத்தைத் திட்டம் போட்டவர் நன்றாகவே பார்த்திருக்கிறார். மழையில் நனைகிறார்கள், விழுந்தால் அடிபடும், பணம் குறைவு. பார்த்த அத்தனையும் சரி. பார்க்காமல் விட்டது அந்த ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தவரின் யோசனையை. கார் வாங்குவது அவருக்கு நனையாமல் போவதற்கு மட்டுமா? மச்சினன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பெண் பார்க்க வரும் இடத்தில் பேச்சு வர வேண்டும். உலகத்திலேயே மலிவான கார் என்று எல்லாப் பேப்பரிலும் போட்டுவிட்ட வண்டியை வாசலில் நிறுத்தினால் என்ன பேச்சு வரும்? கொஞ்சம் கூடப் போட்டு செகண்ட் ஹாண்டில் மாருதி வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் ஸ்கூட்டரிலேயே நனையலாம். அவருடைய கணக்கில் இரண்டுமே நானோவைவிட மேல். மலிவு என்று முத்திரை குத்தி விற்றது தவறாகப் போனது என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒத்துக்கொண்டார். ஏழைக்கு என்ன தேவை என்று திட்டமிடுகிறவர்கள் ஏழைக்கும் ஆசை என்று ஒன்று உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். அரசாங்கத் திட்டங்களில் இது எத்தனையோ தரம் நடந்திருக்கிறது. கம்பெனித் திட்டத்திலும் அதேதான்.

இதற்கு நேர் எதிரான கதையும் மோட்டார் தொழிலிலேயே இருக்கிறது. 1959இல் ஹோண்டா கம்பெனி அமெரிக்காவில் கடை விரித்தது. கவாஷிமா கிஹாசிரோ தலைமையில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்த சின்னக் குழு. டாலரை வெளியே விட ஜப்பான் நிதி அமைச்சகம் கஞ்சத்தனம் காட்டியதால் கையில் பணம் குறைவு. வாடகை மிச்சம் பிடிக்க ஒரே அபார்ட்மென்டில் தங்கினார்கள், சிலருக்குத் தரைதான் படுக்கை. குடோனைத் தாங்களே கூட்டிப் பெருக்கினார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரிய பைக்தான் பிடிக்கும், 250 சிசியும் 305 சிசியும் விற்போம் என்பது யோசனை. அந்தப் பெரிய வண்டிகளின் ஹேண்டில்பார் புத்தர் புருவம் மாதிரி வளைந்திருப்பதாலேயே விற்கும் என்று சோயிசிரோ ஹோண்டா நம்பினாராம். இதைப் படித்த நாளிலிருந்து எந்த மார்க்கெட்டிங் திட்டத்தைப் பார்த்தாலும் இதில் புத்தர் புருவம் எங்கே என்று தேடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஏதாவது ஒரு பத்தியில் நிச்சயம் இருக்கும்.

பெரிய வண்டிகள் மண்ணைக் கவ்வின. ஜப்பானில் ஓட்டியதைவிட அதிக தூரம், அதிக வேகம் அமெரிக்கர்கள் ஓட்டினார்கள். ஆயில் ஒழுகியது, கிளட்ச் போனது. பழுதான வண்டிகளை ஜப்பானுக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டிவந்தது. இதற்கிடையில் குழுவினர் கடைகண்ணிக்குப் போய்வர 50 சிசி சூப்பர் கப் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதை விற்க அவர்கள் முயலவே இல்லை; இந்தக் குட்டி வண்டியைக் காட்டினால் பெரிய பைக் கம்பெனி என்ற பேர் கெட்டுவிடும் என்று பயம். தெருவில் போகிறவர்கள் நிறுத்தி விசாரித்தார்கள். சியர்ஸ் நிறுவனத்தின் கொள்முதல் ஆள் கூப்பிட்டார். வேறு வழியில்லாத நிலையில் சின்ன வண்டியை இறக்கினார்கள். பைக் டீலர்கள் எடுப்பார்கள் என்று பார்த்தால் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைகள் எடுத்தன. 1964 வாக்கில் அமெரிக்காவில் விற்ற இரண்டு மோட்டார் சைக்கிளில் கிட்டத்தட்ட ஒன்று ஹோண்டா.

இதன் பின்கதைதான் எனக்கு இன்னும் ருசி. 1975இல், நொடித்துப்போன தன் மோட்டார் சைக்கிள் தொழிலுக்கு வழி கேட்டு பிரிட்டிஷ் அரசு பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பிடம் போனது. அவர்கள் கொடுத்த அறிக்கையில் ஹோண்டாவின் வெற்றி சீராக வரையப்பட்ட ஒரு வியூகமாக இருந்தது: உள்நாட்டில் சின்ன வண்டிகளை லட்சக்கணக்கில் செய்து செலவைக் குறைத்தார்கள், அந்த பலத்தில் அமெரிக்கச் சந்தையின் கீழ்ப்படியில் நுழைந்து மேலே ஏறினார்கள். நிர்வாகவியல் கல்லூரிகளில் பாடமாகவும் ஆனது. ரிச்சர்ட் பாஸ்கேல் என்பவர் டோக்கியோவுக்கே போய், அந்த நாளில் லாஸ் ஏஞ்சல்ஸில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டு 1984இல் எழுதினார். தரையில் படுத்த கதையும் கடைக்குப் போன வண்டியின் கதையும் அப்படித்தான் வெளியே வந்தன. செலவைக் குறைத்தது பொய் இல்லை. ஆனால் நடந்து முடிந்ததை ஒருவர் முன்கூட்டியே வரைந்ததாகக் காட்டுவதில் திட்ட இலாகாக்களுக்கு ஒரு தனிக் கைத்திறமை உண்டு. அந்த அறிக்கையைப் படித்து அடுத்த தலைமுறை மேனேஜர்கள் திட்டம் போடக் கற்றுக்கொள்கிறார்கள்.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் சொல்லலாம். 1980இல் டி.வி.எஸ். 50 இரண்டு பேர் போகும் மொபெட்டாகத்தான் வந்தது. அதன் வாரிசான எக்ஸ்.எல். இன்று திருப்பூர்ச் சந்துகளில் எதற்கு ஓடுகிறது என்று பாருங்கள். ஓட்டுகிறவரின் தலை மட்டும் தெரியும்படி வெட்டிய பீஸ் மூட்டைகள். பால் கேன், இளநீர், கேஸ் சிலிண்டர். வாங்கியவர்கள் அதைச் சரக்கு வண்டியாக்கிக்கொண்டார்கள்; கம்பெனியும் பார்த்துவிட்டு அதற்கேற்ப வண்டியை மாற்றியது. வாங்குகிறவரின் யோசனை தன் யோசனையைவிட நல்லது என்று தெரிந்ததும் ஒதுங்கி வழிவிடுவதும் ஒரு நிர்வாகத் திறமைதான்.

கோட்பாட்டாளர்கள் இதைச் சொல்லாமல் இல்லை. ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 1994இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். திட்டமிடுவதும் வியூகம் உருவாவதும் வேறு வேறு காரியங்கள் என்பது அதன் சாரம். அதற்கு அரை நூற்றாண்டு முன்னால், 1945இல், ஃபிரெட்ரிக் ஹாயெக் ஒரு கட்டுரையில், காரியத்துக்கு ஆகும் அறிவு ஒரே இடத்தில் குவிந்திருப்பதில்லை, அந்தந்த இடத்தில் அந்தந்த நேரத்தில் இருக்கும் ஆட்களிடம் சிதறிக் கிடக்கிறது என்று வாதிட்டார். மத்தியத் திட்டமிடலை, சோவியத் பாணியைக் குறிவைத்து எழுதியது அது. வேடிக்கை என்னவென்றால், ஹாயெக் பெயரைச் சொல்லி அரசாங்கத் திட்டங்களை நக்கலடிக்கும் கம்பெனிகள் தங்கள் காம்பவுண்டுக்குள் சோவியத் திட்டக் கமிஷன் மாதிரி ஒரு குட்டி கோஸ்பிளான்தான் நடத்துகின்றன. மேலே ஐந்தாண்டு இலக்கு, கீழே காலாண்டு இலக்கு, அதை எட்டியதாகக் காட்டுவதற்குக் காலாண்டுக் கடைசியில் டீலர் குடோனில் சரக்கைத் தள்ளுவது. மாஸ்கோவில் நடந்தபோது அதைச் சோஷலிசத்தின் தோல்வி என்றார்கள். இங்கே அதற்குப் பெயர் குவார்ட்டர் க்ளோசிங்.

திருப்பூருக்கே வருகிறேன். ‘எதிர்பாராத’ என்று அங்கே மீட்டிங்கில் அடிக்கடி காதில் விழும் வார்த்தைக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஊரே நின்றது. வெள்ளைத் துணியை லாரியில் ஏற்றி எங்கெங்கோ சாயம் போட அனுப்பினார்கள். டி.என்.ஏ. தாள்களில் சாயத்துக்கு அப்புறமுள்ள கட்டங்கள் எல்லாம் ஒரே சிவப்பு. எதிர்பாராத அடி என்று பேப்பர்கள் எழுதின.

யாருக்கு எதிர்பாராதது? திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்துக்காக ஓர் அணை கட்டினார்கள். அதே ஆண்டுகளில் திருப்பூர் ஏற்றுமதி மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. பொதுப்பணித் துறையின் கோப்பில் அணைத் திட்டம் சரியாக இருந்தது, ஏற்றுமதியாளர் கோப்பில் விரிவாக்கத் திட்டம் சரியாக இருந்தது. இரண்டு கோப்பும் ஒரே மேஜைக்கு வரவில்லை. சாயக் கழிவு அணையில் வந்து தேங்கியது. கடைசியில், பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் நீதிமன்றம் போனது. 2006இல் உயர் நீதிமன்றம் கழிவை ஆற்றில் விடக் கூடாது என்று கெடு வைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2011இல் பூட்டு. ஏற்றுமதியாளருக்கு எதிர்பாராமல் வந்த அந்த நாளை, முப்பது கிலோமீட்டர் கீழே ஒரு கிணற்றுக்காரர் வருஷக்கணக்கில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எந்தத் தாளிலும் ஒரு கட்டமாக இல்லை, அவ்வளவுதான். அதன் பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப எடுக்கும் முறைக்குப் பட்டறைகள் மாறின. இன்று திருப்பூர் அதையே உலகச் சந்தையில் பெருமையாகச் சொல்லி ஆர்டர் கேட்கிறது. எந்த முதலாளியின் தொலைநோக்கிலும் உதிக்காத அந்தத் தகுதியை ஊருக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் வழக்குப் போட்ட விவசாயிகள்.

எல்லா அடியும் இப்படி முன்னறிவிப்போடு வரும் என்று நான் சொல்லவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வாட்ஸ்ஆப்பில் சுற்றின. ஹோலி நேரம் வேறு. திருப்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்து, பொய் என்று ஊர்ஜிதமாகி, போனவர்கள் திரும்பி வரும்வரை எத்தனையோ லைன்கள் அரைகுறையாக ஓடின. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போகும் இடம் அது. தைத்து முடித்த சரக்கு இங்கே கிடக்கும்போது விலையில் எவ்வளவு தள்ளுபடி தருவாய் என்று கேட்கும் பையருக்கு எக்செல்லில் பதில் கிடையாது.

அப்படியானால் திட்டமே வேண்டாமா? இந்த இடத்தில் நம் பத்திரிகைகளில் ஒரு சுலபமான பாராட்டு வரும்: இந்தியர்கள் சமாளிப்பதில் மன்னர்கள், திட்டமில்லாமலே சாதிப்பவர்கள் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜாப் ஒர்க் எடுத்து பத்து மெஷின் ஓட்டுகிறவர் வரும் சனிக்கிழமைக்கு அப்பால் யோசிப்பதில்லை என்பது உண்மை. சனிக்கிழமை கூலி போட வேண்டும், கம்பெனியிலிருந்து பில் பணம் வர வேண்டும், வரவில்லை என்றால் வட்டிக்கு வாங்க வேண்டும். அவரிடம் சமாளிக்கும் திறமையைப் பார்த்து வியப்பவர்கள் அவருக்கு வேறு வழி இல்லை என்பதைப் பார்ப்பதில்லை. அவருக்கு முன்பணம் கொடுத்துப் பாருங்கள், அழகாக ஒரு வருஷத்துக்குத் திட்டம் போடுவார்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் திட்டம் உண்டு, கம்பெனியுடையதைவிடத் துல்லியமாக. சனிக்கிழமை சம்பளம். அதில் செவ்வாய்க்கிழமை குழுக் கடன் தவணைக்கு இவ்வளவு, வீட்டு வாடகைக்கு இவ்வளவு, ஜூனில் மகளின் ஸ்கூல் ஃபீசுக்குச் சீட்டு. இந்தக் கணக்கு ஒன்றரை ஷிஃப்ட் கூலியை நம்பிப் போட்டது. துணி வராமல் இரண்டு நாள் லைன் நின்றால் தவணை தவறும். துணி மொத்தமாக வந்து சேர்ந்து ராத்திரி பதினொரு மணிவரை ஓடினால் பிள்ளைக்குச் சோறு ஆக்க ஆள் தேட வேண்டும். லேப் டிப்பைப் பார்க்க வேண்டியவர் லீவில் போனதன் விலை கடைசியாக இறங்குவது இந்த வீட்டில். திட்டம் போடும் உரிமை மேலே இருக்கிறது, திட்டம் தவறும் செலவு கீழே இறங்குகிறது. நிர்வாகவியல் புத்தகங்களில் திட்டமிடலின் வரம்புகள் என்று அத்தியாயம் எழுதுகிறவர்கள் இதை ஒரு வரம்பாக எண்ணுவதில்லை. அவர்கள் பட்டியலில் தகவல் போதாமை இருக்கும், சந்தை மாற்றம் இருக்கும், மனப்பான்மை இருக்கும்.

சிங்கூர்க் கதையின் முடிவையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிலக் கையகப்படுத்தலை ரத்து செய்தது. நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், பத்து வருஷம் பிழைப்பை இழந்ததால் வாங்கிய பணத்தை விவசாயிகள் திருப்பித் தர வேண்டாம் என்றது. 2023 அக்டோபரில் நடுவர் தீர்ப்பாயம், மேற்கு வங்கத் தொழில் வளர்ச்சிக் கழகம் டாடா மோட்டார்ஸுக்கு 765.78 கோடி ரூபாயும் வட்டியும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. தவறிப்போன திட்டத்துக்கு நஷ்டஈடு கேட்க அங்கே நீதிமன்றமும் இருந்தது, தீர்ப்பாயமும் இருந்தது. 2020 ஊரடங்கில் மேலை நாட்டு பையர்கள் தைத்து முடித்த சரக்கையும் வேண்டாம் என்றபோது வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர்கள் ரத்தாகின, அல்லது நிறுத்திவைக்கப்பட்டன என்று அந்நாட்டு உற்பத்தியாளர் சங்கம் கணக்குச் சொன்னது. திருப்பூரிலும் பெட்டிகள் குடோனில் தேங்கின. அந்தச் சரக்கைத் தைத்தவர்கள் போய் நிற்க எந்தத் தீர்ப்பாயமும் இல்லை.

இதைப் படிக்கும் ஏற்றுமதியாளர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு வேண்டுகோள். பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்க நிபந்தனைகளை ஒரு தரம் நிதானமாகப் படியுங்கள். சரக்கு பிந்தினால் எத்தனை நாளுக்கு எத்தனை சதவீதம் பிடிப்பார்கள் என்று இருக்கும். ஒப்புதல் பிந்தினால் என்ன என்பதற்கு ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். பையர் ஆபீசில் ஒப்புதல் எத்தனை நாள் பிந்துகிறதோ அத்தனை நாள் கப்பல் தேதியும் தள்ளும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கம்பெனி தனியாகக் கேட்டால் அந்த ஆர்டர் அடுத்த வாரமே வேறு கைக்குப் போய்விடும். சங்கமாகத்தான் கேட்க முடியும். திருப்பூரில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. நூல் விலை உயர்ந்தபோது, 2022 மே மாதம், இரண்டு நாள் உற்பத்தியை நிறுத்தி ஊரையே மூடிக் காட்டியவை அவை.